ராத்தூக்கம்

மே மாதம் பிறந்துவிட்டால் பத்திரிகைகளில் வேலூருக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிடும். மாநிலத்தில் எந்தெந்த ஊரில் வெயில் சதமடித்தது என்று ஒரு பெட்டிச் செய்தி. ஃபாரன்ஹீட்டில் 104, 106, 108. உச்சியில் வேலூர், இல்லாவிட்டால் திருத்தணி, அதுவும் இல்லையென்றால் கரூர் பரமத்தி. காட்பாடி டீக்கடையில் அதைச் சத்தமாக வாசிப்பவர் குரலில் லேசான பெருமைகூட இருக்கும், நம்ம ஊர் ஜெயித்துவிட்டது என்பதுபோல. அந்தப் பெட்டியில் ஓர் எண் மட்டும் இருக்காது. பகல் இரண்டரை மணிக்கு எத்தனை டிகிரி என்று ஊரே பேசும். ராத்திரி இரண்டரை மணிக்கு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. வானிலை ஆய்வு மையம் அதையும் தினமும் அளந்துகொண்டுதான் இருக்கிறது. நமக்குத்தான் அது செய்தியாகப் படவில்லை.

காலநிலை மாறிவரும் இந்த நாட்களில் ஓர் ஊர் மனிதர் குடியிருக்கத் தக்கதா என்பதைப் பலவிதமாக அளக்கிறார்கள். என்னைக் கேட்டால் ராத்திரியைத்தான் அளக்க வேண்டும் என்பேன். பகலைச் சமாளிக்க வடஆற்காட்டு மனிதர்களுக்குத் தலைமுறைகளாக வழி தெரியும். தலையில் துண்டு, புளியமரத்தடி, நீர்மோர், நுங்கு, கேழ்வரகுக் கூழ், பதினோரு மணிக்குள் கழனியை விட்டு ஏறிவிடும் வழக்கம். ராத்திரிக்கு இருப்பது ஒரே வழி, தூக்கம். தூங்குவதற்கு உடம்பின் உள்வெப்பம் சுமார் ஒரு டிகிரி இறங்கியாக வேண்டும். படுக்கும் அறை கொதித்தால் அது இறங்காது. பகலில் வாங்கிய அடியிலிருந்து இதயமும் சிறுநீரகமும் தேறிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் அந்த ஆறேழு மணி நேரம்தான். 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலையில் எழுபதாயிரம் பேர்வரை இறந்தார்கள். பகல் வெயிலைப் போலவே, சூடு இறங்காத இரவுகளும் அங்கே ஆளைக் கொன்றன.

2022-இல் 'ஒன் எர்த்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டவர்கள் கையில் கட்டியிருந்த பட்டைகள் பதிவு செய்த தூக்கத்தை அந்தந்த ஊரின் இரவு வெப்பத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். இரவு 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் தூக்கம் சராசரியாகப் பதினான்கு நிமிடம் குறைகிறது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஏழை நாட்டவருக்கும் இழப்பு கூடுதல். பதினான்கு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் கையில் அப்படிப்பட்ட பட்டை கட்டத் தெரிந்தவர் வீட்டில் மின்விசிறியாவது, பெரும்பாலும் ஏசியாவது இருக்கும். பேரணாம்பட்டில் சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே படுப்பவர் எவரும் அந்த 47,000 பேரில் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஊர்களை வரிசைப்படுத்தும் அளவுகோல்கள் நம்மிடமும் உண்டு. 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 'எளிதாக வாழும் குறியீட்டில்' பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட 62 நகரங்களில் வேலூர் ஆறாவது இடம் பெற்றது. சேலம் ஐந்தாவது, திருச்சி பத்தாவது. வேலூர்க்காரர்கள் நம்பாமல் சிரித்தார்கள். பொலிவுறு நகரம் என்ற பெயரில் தெருத்தெருவாகத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு ஒரு தெருவில் நின்றிருந்த பைக்கை எடுக்காமலே அதன் சக்கரத்தோடு சேர்த்து கான்கிரீட் போட்டதும், இன்னொரு தெருவில் அடிபம்பைக் கான்கிரீட்டில் பாதி புதைத்ததும் நாடு முழுக்கச் சிரிப்புச் செய்தியாயிற்று. பைக்கைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மண் தெரிந்த சந்துகளெல்லாம் சாந்தால் மூடப்பட்டு, பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி பதினோரு மணிக்கும் காலடியில் கக்குவதைத்தான் யாரும் சிரிப்பாகவோ செய்தியாகவோ எடுத்துக்கொள்ளவில்லை.

குறியீடு வந்து எட்டு மாதத்தில் மழை வந்தது. 2021 நவம்பர். தண்ணியில்லாத ஆறு என்று பெயர் வாங்கிய பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது. கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றோரம் வறண்ட ஆறுதானே என்று வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பேரணாம்பட்டில் நவம்பர் 19 அதிகாலை, மழைக்குப் பயந்து ஒரே வீட்டில் சேர்ந்து படுத்திருந்தவர்கள்மேல் சுவர் இடிந்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள்.

அதற்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு ராத்திரி. 2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம், ராணிப்பேட்டை சிட்கோ வளாகம். தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரை அந்தச் சேறு மூடியது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுக்கையும் என்றிருந்தவர்கள்.

முதல் விபத்துக்கு மழையையும் இரண்டாவதற்குக் கட்டுமானத்தையும் காரணம் காட்டலாம். காலநிலை மாற்றத்துக்கும் ராணிப்பேட்டைத் தொட்டிக்கும் நேரடி உறவு கிடையாது. ஆனாலும் இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டிலும் இறந்தவர்கள் தூக்கத்தில் இறந்தார்கள். படுக்கப் பத்திரமான இடம் கிடைக்காததால் இறந்தார்கள். காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏழு சதவீதம் அதிகமாக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். மழை வரும்போது மொத்தமாகக் கொட்டும் என்பது அதன் விளைவு. அந்த மழை எந்தச் சுவரைத் தள்ளும் என்பதை இயற்பியல் தீர்மானிப்பதில்லை.

வேலூர் ஏன் ராத்திரியிலும் ஆறுவதில்லை? சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை இருட்டிய பிறகு அதைத் திருப்பித் தரும். சென்னைக்கு மதியமே வந்துவிடும் கடற்காற்று இவ்வளவு தூரம் உள்ளே வந்து எட்டும் நாள் குறைவு. இவ்வளவும் பழைய சங்கதி. ஊருக்கு அடையாளமாகச் சொல்லும் வசையில்கூட அது இருக்கிறது: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. (வசையின் ஒரு வரியை ஊர் மக்களே பொய்யாக்கினார்கள். 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்துவிட்டார்கள். மலைக்கு மரம் கொண்டுவருவது அவ்வளவு சுலபமில்லை போலிருக்கிறது.)

புதிதாக மாறியது படுக்கிற இடம். என் பெரியவர்கள் காலத்தில் கோடையில் வீட்டுக்குள் யாரும் படுக்க மாட்டார்கள். திண்ணை, வாசலில் கயிற்றுக் கட்டில், களத்துமேட்டில் பாய். சாயங்காலம் வாசலில் தண்ணீர் தெளித்தால் மண் அதைக் குடித்து, இரவெல்லாம் குளிர்ச்சி தரும். இன்று தெருவில் மண் இல்லை, தெளிக்கத் தண்ணீர் இல்லை, சாக்கடைக் கொசுவோ ஏராளம். திண்ணை இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. மெத்தை வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு ஏறிவிடலாம். ஷீட் கூரையில் ஏறிப் படுக்க முடியாது. ஆள் ஏறினால் உடையும். வயசுப் பெண் உள்ள வீட்டில் வாசலில் படுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக, வெந்து தணியாத அறைக்குள் பூட்டிக்கொண்டு விடியும்வரை புரள்வது பெண்கள்தான். ஆம்பூரில் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் ஓர் அம்மா சொன்னார்: "பகல்ல வேலைல போயிடுதுண்ணா. ராத்திரி தாண்ணா இந்த சீட்டு நம்மள வேக வெக்குது."

அவர் செய்வதை ஆம்பூரில் 'அப்பர் தைப்பது' என்பார்கள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். மாலையில் வந்து எண்ணி எடுத்துக்கொள்வார். 2016-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையின்படி ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்தது. அந்தச் செருப்பு ஐரோப்பியக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று சொல்லி உங்களை அதிர வைக்கும் உத்தேசம் எனக்கில்லை. நான் சொல்ல வருவது வேறு. தொழிற்சாலையில் தைப்பவருக்காவது சட்டப்படி காற்றோட்டமும் குடிநீரும் கேட்க ஓர் இடம் உண்டு. வீட்டில் தைப்பவருக்குக் கூரையே தொழிற்சாலை, கூரையே படுக்கையறை. இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே ஷீட்டின் கீழ். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்ல முடிவு, இந்தியாவில் பல மாநிலங்கள் இன்னும் செய்யாதது. ஆனால் அது மரணத்துக்கான தொகை. ஒரு கோடை முழுக்கச் சரியாகத் தூங்காமல் கை நடுங்கி ஊசியில் விரலைக் குத்திக்கொள்பவருக்கு அதில் ஒன்றுமில்லை.

கூரை பற்றிப் பேசும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓலைக் கூரை குளிர்ச்சி, மண்சுவர் இதம் என்று கான்கிரீட் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது நம் பத்திரிகைகளில் ஒரு நோயாகவே இருக்கிறது. குடிசையில் பிறந்தவர்களுக்குத் தீயும் பாம்பும் ஐப்பசி ஒழுக்கும் நினைவிருக்கும். தளம் போட்ட வீடு அவர்களுக்கு மரியாதை. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் இருந்தாக வேண்டும். பேரணாம்பட்டுச் சுவரை நினைத்துக்கொண்டால் இதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மேலே ஒன்றும் பூசாத நான்கு அங்குலக் கான்கிரீட், பகல் முழுக்கச் சேர்த்த வெப்பத்தை இரவு எட்டு மணியிலிருந்து கீழே இறக்கும். மழைக்குப் பயந்து கட்டிய கூரை வெயிலுக்கு உதவவில்லை.

அந்தக் கான்கிரீட்டுக்கு மணல் எங்கிருந்து வந்தது? பாலாற்றிலிருந்து. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நடுக்கம் வரும். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, 93 கிலோமீட்டர் அங்கே ஓடி, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் வந்து வயலூர் அருகே கடலைச் சேர்கிறது. மேலே தெரியும்படி அது ஓடிய நாட்கள் எக்காலத்திலும் குறைவு. அதன் தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடியது. கோடையில் கையால் தோண்டினால் ஊறும். படுகையிலிருந்து ஊற்றுக்கால் வெட்டிக் கழனிக்குக் கொண்டுபோவார்கள். ஆற்றில் தண்ணீர் தெரியாதபோதும் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் நின்றதற்கும், தென்னந்தோப்புகள் பசுமையாக இருந்ததற்கும் அந்த மணல்தான் காரணம். வெயில் தொட முடியாத ஆழத்தில், ஆவியாகாமல், குளிர்ச்சியாக நீரைக் காத்துவைத்திருந்த மணல். அதை லாரி லாரியாக அள்ளிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் நமக்கும் வீடு கட்டினோம். ஆற்றுக்குள் தண்ணீரைக் காத்த அதே மணல் இப்போது நம் தலைக்குமேல் வெப்பத்தைக் காக்கிறது. 2021-இல் வந்த வெள்ளம் தங்க இடமில்லாமல் கடலுக்குப் போனதற்கு வேறெங்கும் போய்க் காரணம் தேட வேண்டியதில்லை.

மேலே ஆந்திரம் தடுப்பணை கட்டுகிறது, புல்லூரில் அணையை உயர்த்தியது, கர்நாடகம் ஏரிகளில் தேக்குகிறது என்ற நம் குறை நியாயமானது. 1892 ஒப்பந்தம் இருக்கிறது, வழக்கும் இருக்கிறது. ஆனால் நம் எல்லைக்குள் 222 கிலோமீட்டரையும் நாம்தான் சுரண்டினோம். இன்று வேலூர் குடிப்பது காவிரித் தண்ணீர், குழாய் வழியாக. 2019 ஜூலையில் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் கொண்ட ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் போனதே, அதுவும் அந்தக் காவிரித் தண்ணீர்தான். வறண்ட ஆற்றங்கரையிலிருந்து தலைநகரத்துக்குத் தண்ணீர் ரயில். இப்படியொரு காட்சியைக் கதையில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மணலை அள்ளியது பாதிக் கதை. மீதி, தோல்.

இதைச் சொல்லும்போது ஒரு பக்கமாகச் சாய்வது எளிது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய இந்த வரிசைக்குத் தோல்தான் சோறு போட்டது. பச்சைத்தோலைத் தொட்டாலே தீட்டு என்றிருந்த நாட்டில், முஸ்லிம் வணிகர்கள் முதல் போட்டார்கள், தலித்துகள் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தார்கள். பண்ணையில் நெல் அளந்து வாங்கியவர்கள் கையில் வாரக்கூலி காசாக வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஊர்த்தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார்கள். வடஆற்காட்டில் தலித் அரசியல் வேர்விட்டதில் இந்தக் காசுக்கும் பங்குண்டு. இன்று ஜவ்வாது மலை அடிவாரம்வரை கம்பெனி வேன்கள் போய்ப் பெண்களை ஏற்றிவருகின்றன. கல்யாணத்தைத் தள்ளிப்போடவும், தம்பியைப் படிக்கவைக்கவும், புருஷன் குடித்துவிட்டு அடித்தால் தாய்வீட்டுக்குப் போகாமல் தனியாக வாடகைக்கு வீடு பிடிக்கவும் அந்தச் சம்பளம் உதவுகிறது. வாழத் தக்க இடம் என்பதில் இதையும் சேர்க்காவிட்டால் அந்தச் சொல்லுக்கே அர்த்தமில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீது 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூரில் ஏற்பட்ட கலக்கத்தை, எந்த வெயிலும் ஏற்படுத்தியதில்லை.

இதே ஆற்றின் மேற்பகுதியில், வேலை போனால் ஊர் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வடஆற்காட்டுத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் இறங்கித் தோண்டிய கோலார் தங்கவயல், 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. ஊரை விட்டு எல்லோரும் போய்விடவில்லை. விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூர் போய் உழைத்துவிட்டு, இருட்டிய பிறகு தூங்குவதற்கு மட்டும் திரும்புகிறார்கள். வேலை போன ஊரில் மிச்சமிருப்பது படுக்கை. ஆம்பூரில் வேலை இருக்கிறது, படுக்கைதான் போய்க்கொண்டிருக்கிறது.

முன்பு தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்தார்கள். வாரக்கணக்கில் ஆகும், நாற்றம் உண்டு, ஆனால் நிலத்தைக் கெடுத்தது குறைவு. 1970களில் பாதி பதனிட்ட தோலாக அனுப்பக் கூடாது, முடித்த தோலாகவும் செருப்பாகவும்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு நெருக்கியது. நாட்டில் வேலை பெருகட்டும் என்ற நல்ல எண்ணம், வேலையும் பெருகியது. அதோடு, பட்டைக்குப் பதிலாக வந்த குரோமியமும் பெருகியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அழுகாமலிருக்க உப்புப் போட்டு வரும் தோலைக் கழுவிய உப்பு, அப்படியே பாலாற்று மணலுக்குள் போயிற்று. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை ஒரு லட்சம் டன்னுக்கு மேல் நச்சுக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுவிட்டுப் போயிற்று. பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, சவ்வூடு வடிகட்டல் வந்தது, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற விதி வந்தது. தண்ணீரிலிருந்து பிரித்த உப்போ மூட்டை மூட்டையாகக் கிடங்கில் குவிகிறது. அதை எங்கே கொண்டுபோவது என்பதற்கு இன்றுவரை சரியான விடையில்லை. பெரிய மழை வரும்போது ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றில் நுரை பொங்கி, மறுநாள் படம் வருவது வழக்கமாகிவிட்டது.

ராத்திரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், நேரடிச் சம்பந்தம். உப்புக் கிணறு உள்ள ஊரில் சாயங்காலம் வாசல் தெளிக்க முடியாது, குளிர்ச்சிக்கு மரம் வைத்தால் பிழைக்காது. குடிக்கக் கேன் தண்ணீர், அதற்குக் காசு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் அதிகாலையில் எழுந்து குடம் வைத்துக் காத்திருப்பதில் தூக்கத்தின் கடைசி மணி நேரமும் போகிறது. காற்று அசையாத இரவில் தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், நாற்றம் தாழ்ந்து வந்து படியும்; ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் வேக்காடு. காலநிலை மாற்றம் இந்த ஊருக்குள் புதிதாக எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஏற்கெனவே மணலும் மரமும் நல்ல தண்ணீரும் பறிபோன இடத்தின் மீது கூடுதலாக ஒரு டிகிரியை ஏற்றிவைக்கிறது. மணல் நிறைந்த ஆற்றங்கரையும் ஊறும் கிணறும் இருந்திருந்தால் அந்த ஒரு டிகிரியைத் தாங்கியிருக்கலாம்.

ஏசி போட்டுவிட்டால் தீராதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தைக் காட்டலாம். 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் பகல் உச்ச வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. வீட்டுக்கு வீடு ஏசி உள்ள ஊர் அது. ஆனாலும் அந்த மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். வீடில்லாதவர்கள் அதில் ஏராளம். வீட்டுக்குள் இறந்தவர்கள் பலரிடம் ஏசி இருந்தும் ஓடவில்லை. பணக்கார நாட்டிலும் இரவைத் தாங்க முடிந்தவர், முடியாதவர் என்று ஊர் இரண்டாகத்தான் கிடக்கிறது.

வேலை நேரமும் தூக்கத்தோடு சேர்ந்த விஷயம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். வேன் வர ஒரு மணி நேரம், போக ஒரு மணி நேரம், சமைக்க, துவைக்க, தண்ணீர் பிடிக்க. பன்னிரண்டு மணி நேரத்தை இதில் எங்கே செருகுவார்கள் என்று அந்த மசோதாவை எழுதியவர் எந்தப் பெண்ணிடமும் கேட்டிருக்க மாட்டார். காலநிலைக் கொள்கை என்று தனியாக ஒன்றை எழுதுவதைவிட இப்படிப்பட்ட மசோதாக்களைத் தடுப்பது இந்தப் பகுதிக்கு அதிகம் உதவும்.

நம்பிக்கை தருவது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறந்து கணியம்பாடிப் பக்கம் ஓடும் நாகநதி வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில், ஒரு தொண்டு நிறுவனத்தின் வழிகாட்டலோடு, சுமார் 20,000 பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகளையும் கல் தடுப்பணைகளையும் கட்டினார்கள். கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் அதைச் சொன்ன பிறகு எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: நாகநதியில் தோல் ஷாப் வரிசை கிடையாது. நீரை மண்ணுக்குள் இறக்கும் வித்தை அங்கே பலித்ததற்கு அந்த மண் சுத்தமாக இருந்ததும் ஒரு காரணம். ஆம்பூரில் அதே கிணற்றை வெட்டினால் எதை உள்ளே இறக்குகிறோம் என்று முதலில் பார்த்தாக வேண்டும். அதனால் அது கூடாது என்றில்லை. உப்பையும் குரோமியத்தையும் எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது. வரிசை மாறினால் வீண்.

எடுப்பதற்குப் பணம் யார் தருவது என்பதை நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டையும் இந்நாட்டுச் சட்டமாக்கியது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவருக்கும் வேலூர் என்றால் அந்த வழக்குதான். சட்டப் புத்தகத்தில் நிலைத்த அளவுக்கு அது பாலாற்றங்கரையில் நிலைக்கவில்லை. அதையொட்டி அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001-இல் 29,193 குடும்பங்களுக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. அதுவும் பலருக்கு முழுதாக வந்து சேராமல், 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கித் தொகையை ஆறு வாரத்தில் கொடுங்கள், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைத் தணிக்கை செய்யுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 1996-இல் பிறந்த குழந்தை இதற்குள் தையல் மெஷினில் பத்து வருட சர்வீஸ் முடித்திருக்கும்.

பழைய கணக்கில் பயிர் போன நிலம் இருந்தது, கெட்ட கிணறு இருந்தது. நிலமும் கிணறும் இல்லாதவர்கள் அதில் இல்லை. புதிய குழுவில் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு என்கிறது உத்தரவு. அந்த நாற்காலிக்கு நிலக்காரர் ஒருவரோ, சங்கத் தலைவர் ஒருவரோ வந்து உட்காருவதுதான் நடைமுறை. ஆட்சியர்களுக்கும் குழுவினருக்கும் என் வேண்டுகோள் எளியது: ஆற்றோரக் காலனியில் வாடகை ஷீட் வீட்டிலிருந்து அப்பர் தைக்கும் ஒரு பெண்ணை அங்கே உட்கார வையுங்கள். கூட்டத்துக்கு வரும் நாளின் கூலியை அவருக்குக் கொடுங்கள். குரோமியம் எத்தனை மில்லிகிராம் என்று நிபுணர்கள் சொல்லி முடித்ததும், நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று அவரைக் கேட்டு, அந்தப் பதிலையும் அறிக்கையில் எழுதுங்கள்.